பார்க்கிங் லாட்டில் கிளாரினெட்

சன்னிவேலில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில் தரையும் சுவரும் அப்பளம் மாதிரி. நான் கிளாரினெட்டை வாயில் வைத்ததுமே கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார். அதனால் அம்மா என்னை க்ளாஸெட்டுக்குள், தன் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் உட்காரவைத்து ஊதச் சொன்னாள். புடவைகளுக்கு வலிக்காமல் ஊதிப் பழகினேன்.

விளைவு, ஸ்கூல் பேண்டில் நான் ஊதுவது பக்கத்துச் சீட்டுக்காரிக்கே கேட்கவில்லை. ஸ்ப்ரிங் கான்செர்ட்டிலும் இப்படித்தான் என்றால் என் இடத்தில் வேறு ஆளை உட்காரவைப்பேன் என்று பேண்ட் டீச்சர் சொல்லிவிட்டார். ஆறாவது படிக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய அவமானம் ஏது? வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன்.

எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, அப்போதெல்லாம் பகலிலும் வீட்டில்தான் இருந்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டு என்னை ஒரு காலி ஆபீஸின் பார்க்கிங் லாட்டுக்குக் கூட்டிப்போனார். என்னை ஒரு கோடியில் நிறுத்திவிட்டு, மறு கோடியில் போய் நின்று, கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். தம் பிடித்து ஊதினேன். வாத்து மாதிரி கத்தியது. மாமாவுக்கு சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது, அதனால் திருத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. அதற்குப்பிறகு தினமும் ஸ்கூல் விட்டதும் வாசலில் அவர் கார் நிற்கும்.

சீக்கிரமே சத்தம் வந்துவிட்டது. வந்ததோ வந்தது, பேண்டில் எனக்கு முன்னால் இருந்த ஃப்ளூட்காரர்கள் எல்லாம் திரும்பி முறைத்தார்கள். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊதும்போது பக்கத்திலிருப்பவர் ஊதுவதும் உன் காதில் விழ வேண்டும் என்றார். போச்சுடா என்று மாமாவிடம் வந்து நின்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கார்க் கதவைத் திறந்துவைத்து பாட்டுக் கேசட்டை மெதுவாக ஓடவிட்டார்.

"உனக்குப் பாட்டு கேக்கணும். அங்க நிக்கிற எனக்கு நீ கேக்கணும். ரெண்டுல எது போனாலும் மறுபடி முதல்லேர்ந்து."

முட்டி மோதித்தான் கற்றேன். மூச்சை முக்கித் தள்ளாமல் ஒரே சீராக விட்டால் போதும். கத்தாமலே அந்தக் கோடிவரை போகிறது.

கான்செர்ட்டில் பிசிறே தட்டவில்லை. முடிந்ததும் டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாடா, என் இடம் தப்பித்தது.

வெளியே வந்தால், அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள். சிக்கனத்துக்குப் பேர்போன அப்பா எல்லோருக்கும் ஐஸ்க்ரீம் வாங்கித் தருகிறார். மாமாவுக்கு வேலை போய், விசா பிரச்சினையில் ஊருக்கே பெட்டி கட்ட இருந்தார் என்பதும், அன்று சாயங்காலம்தான் புது வேலை கிடைத்ததாக ஃபோன் வந்தது என்பதும் எனக்கு யாரும் சொல்லவில்லை. பாவம், என் கிளாரினெட்டை நினைத்து இத்தனை நாளும் எல்லோரும் தவித்துப்போயிருக்கிறார்களே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதம்மா. இனிமே நான் பாத்துக்கறேன்."