சிவப்பு ஆட்டோவில் ஒன்பது பேர்

அன்றைக்குப் பள்ளியில் இருந்தவர்கள் இவர்கள். பெரிய மேடம். எல்.கே.ஜி. டீச்சர். யு.கே.ஜி. டீச்சர். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து வகுப்புகளின் டீச்சர்கள். மூன்றாம் வகுப்பு டீச்சருக்குக் காய்ச்சல், அவர் வரவில்லை. கேட்டில் வாட்ச்மேன். கேமராவோடு ஒரு போட்டோக்காரர். பிள்ளைகள். ஆயா நான்.

பள்ளி சிகந்திராபாத் மெட்டுகுடாவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முன்பு வீடாக இருந்த கட்டடம். ஹாலில் யு.கே.ஜி., படுக்கையறையில் எல்.கே.ஜி., சமையலறையில் ஆபீஸ். சமையல் மேடை இன்னும் இருக்கிறது, அதன்மேல் பைல்களை அடுக்கியிருக்கிறார்கள். மாடியில் பெரிய வகுப்புகள். பெரிய என்றால் ஐந்தாவது வரைதான்.

என் ஊர் ஜோலார்பேட்டை பக்கம். வீட்டுக்காரர் சிகந்திராபாத் யார்டில் கான்ட்ராக்டில் ரயில் பெட்டி கழுவுகிறார். நான் ஐந்தாவது வரை படித்தேன். தமிழ் எழுதுவேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. தெலுங்கும் உருதும் காதால் கேட்டு வந்தவை.

ஏழேகாலுக்குக் கேட் திறப்பேன். கூட்டுவேன். டிரம்மில் தண்ணீர் பிடிப்பேன். இரண்டு கக்கூஸ், இரண்டையும் கழுவி பினாயில் ஊற்றுவேன். எட்டரைக்கு முதல் மணி. வராந்தாவில் பிரேயர். டீச்சர்கள் பேர் கூப்பிடுவார்கள், நான் வாசல் வாசலாக நின்று வராத பிள்ளைகளின் எண்ணிக்கையை வாங்கிப் பெரிய மேடத்திடம் சொல்வேன். ஒன்பதே முக்காலுக்குச் சின்னப் பிள்ளைகளை வரிசையாகக் கக்கூசுக்கு அழைத்துப் போவேன். வரவில்லை என்று சொல்லும் பிள்ளைதான் திரும்பி வந்ததும் உட்கார்ந்த இடத்தில் போய்விடும். அதற்கு இரண்டு மாற்று நிக்கர் வைத்திருக்கிறேன். பத்தேகாலுக்கு டிபன் மணி. பன்னிரண்டரைக்குச் சின்னப் பிள்ளைகள் வீட்டுக்கு. ஒன்று பத்துக்குப் பெரிய பிள்ளைகளின் சாப்பாடு முடிகிற மணி. மூன்று மணிக்கு எல்லோரும். இடையில் உட்காரும் நேரம் கிடையாது. உட்கார்ந்தாலும் காது மணியிலேயே இருக்கும்.

பன்னிரண்டரைதான் கஷ்டம். சந்து குறுகல். ஒரு நேரத்தில் ஒரு ஆட்டோதான் நிற்க முடியும். எதிர்வீட்டுக்காரர் சாப்பாட்டுக்குக் காரில் வருவார். நாம் முடிக்கவில்லை என்றால் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பார். எட்டு நிமிடத்தில் மூன்று ஆட்டோவை அனுப்ப வேண்டும்.

பிள்ளைகளின் கழுத்து அட்டையில் எந்த ஆட்டோ என்று எழுதியிருக்கும். இங்கிலீஷில். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். பழைய ஜாக்கெட் துணிகளைக் கிழித்துப் பைகளின் ஜிப்பில் கட்டினேன். தார்நாகா போகிற பிள்ளைக்குச் சிவப்பு. சில்கல்குடாவுக்குப் பச்சை. லாலாகுடாவுக்கு நீலம். எனக்காகத்தான் கட்டினேன். பெரிய மேடத்துக்குப் பிடித்துவிட்டது. டீச்சர்களும் அட்டையைப் பார்ப்பதை விட்டார்கள். ஆட்டோக்காரர்களே சிவப்பு ஆட்டோ, பச்சை ஆட்டோ என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். இரண்டு வருடம் ஒரு தப்பும் நடக்கவில்லை.

அன்றைக்குச் சின்ன வகுப்புகளுக்கு எல்லோ டே. எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் உடுப்பில் வந்தார்கள். வாழைப்பழம், எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள். பை வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். போட்டோவில் கயிறு தெரியும் என்று கழுத்து அட்டைகளையும் கழற்றி டீச்சர் மேஜையில் போட்டார்கள்.

வாட்ச்மேன் கேட்டில் நின்று சிரித்தார். அவர் இந்த ஊர் ஆள், வயதானவர்.

"க்யா ஆயம்மா, ஸ்கூல் ஹை கி மிட்டாய் கி துகான்?"

பள்ளியா மிட்டாய்க் கடையா என்று கேட்கிறார்.

"உன்ன தட்டுல வெச்சா ஈ கூட வராது, போய்யா" என்றேன் தமிழில். அவருக்குப் புரியாது. "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டார்.

தினமும் பன்னிரண்டரைக்கு யு.கே.ஜி. டீச்சர் என்னோடு கேட்டில் நிற்பார். அன்றைக்கு அவரை மூன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். எல்.கே.ஜி. டீச்சர் உள்ளே போட்டோக்காரரோடு இருந்தார். விழா பார்க்க வந்த அம்மாக்கள் சிலர் பிள்ளையைக் கையோடு கூட்டிப் போனார்கள். கேட்டில் நெரிசல். யார் யாரைக் கூட்டிப் போனார்கள் என்று நான் முழுதாகப் பார்க்கவில்லை.

சிவப்பு ஆட்டோ வந்து நின்றது. எனக்கு முன்னால் எல்லாம் மஞ்சள். பை இல்லை, துணி இல்லை. முகம் தெரியும்தான். ஆனால் இரண்டு வருடமாக நான் முகத்தைப் பார்த்து ஏற்றவில்லை, துணியைப் பார்த்து ஏற்றியிருக்கிறேன். அது அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகளையே கேட்டேன். சிலது கை நீட்டிச் சொன்னது, சிலது தானாக ஏறிக்கொண்டது. எட்டுப் பேர் ஆனது. சிவப்புக்கு ஒன்பது. எதிர்வீட்டுக் கார் வந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

இரட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை அருகில் நின்றாள். யு.கே.ஜி. தினமும் சிவப்பு ஆட்டோப் பிள்ளை ஒன்றோடு கைகோத்து நிற்பவள். அவளைத் தூக்கினேன்.

"நக்கோ ஆயம்மா, நக்கோ" என்றாள். வேண்டாம் என்கிறாள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை அவள். நாம் தமிழில் பேசினால் புரியும், பதில் மட்டும் இந்த ஊர்ப் பேச்சில் வரும். தண்ணீர் கொடுத்தால் நக்கோ. முகம் துடைத்தால் நக்கோ. அவள் மட்டும் இல்லை, எல்லாப் பிள்ளைகளும் நாளெல்லாம் அதைத்தான் சொல்கின்றன.

"ஊட்டுக்குப் போவேணாமா? ஏறு" என்று உட்காரவைத்தேன். என் முந்தானையைப் பிடித்தாள். விரலைப் பிரித்து எடுத்தேன்.

எண்ணினேன். ஒன்பது. சரி. ஆட்டோ போனது.

அடுத்து பச்சை. ஏழு பேர் வர வேண்டும். ஆறுதான் இருந்தார்கள். ஆட்டோக்காரப் பையன் ஒரு விரலைக் காட்டி, "ஒக்கரு தக்குவ" என்றான். ஒருவர் குறைகிறார் என்கிறான்.

"அம்மா வந்து கூட்டினு பூட்டாங்க" என்று சொல்லி அனுப்பினேன். அப்படித்தான் நினைத்தேன். பார்த்துச் சொல்லவில்லை.

நீலமும் போனது. கேட்டைச் சாத்தினோம்.

ஒன்று ஐந்துக்கு ஆபீசில் போன் அடித்தது. நான் மேடைக்குப் பக்கத்தில் சாக்பீஸ் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரிய மேடத்தின் பூர்வீகம் திருநெல்வேலி. கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடம். போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, சில்கல்குடா பிள்ள ஒண்ணு வீட்டுக்கு வரலையாம். யு.கே.ஜி., ரெட்டச் சடை. பச்சை ஆட்டோ வந்துட்டுப் போயிட்டாம். நீ ஏத்துனியா இல்லியா?"

ரெட்டச் சடை என்றதும் முந்தானையைப் பிடித்த விரல் என் கையில் மறுபடி பட்டதுபோல் இருந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"எல்லாரையும் ஏத்திட்டேன் மேடம்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை.

பெரிய மேடம் பச்சை ஆட்டோக்காரனுக்குப் போன் போட்டார். வாட்ச்மேனை ஸ்கூட்டரில் சில்கல்குடாவுக்கு அனுப்பினார். வழியில் எங்காவது இறங்கியிருக்கும், கடை கடையாகக் கேள் என்றார். எனக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்று நினைத்தேனா, போலீஸ் வரும் என்று நினைத்தேனா, தெரியாது. கால் மட்டும் நிற்கவில்லை. கேட்டுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன்.

ஒன்று பத்து ஆனது. மணி அடிக்க வேண்டும். அடித்தேன். பெரிய பிள்ளைகள் டிபன் டப்பாவை ஆட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். பள்ளி நிற்காது. ஒரு பிள்ளை காணோம் என்றாலும் இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். முதல் வகுப்பில் ஒருவன் வாந்தி எடுத்தான். மண் போட்டு அள்ளினேன். அள்ளும்போது சிவப்பு ஆட்டோ இப்போது எங்கே இருக்கும் என்று மனம் ஓடியது. தார்நாகா பெரிய ரோடு. பஸ் வரும், லாரி வரும்.

பிள்ளையின் அம்மா ஸ்கூட்டியில் வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே செய்பவர். காலில் வீட்டுச் செருப்பு. ஹெல்மெட் இல்லை.

"என்ற பாப்பா எங்கீங்க ஆயா?" என்று நேராக என்னிடம்தான் வந்தார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"உக்காருங்கம்மா, வந்துருவா" என்றார் பெரிய மேடம்.

"எப்படிங்க உக்காரது? அவளுக்கு ரோடு தாண்டவே தெரியாதுங்க. என்ற போன் நம்பர் கூட அவளுக்கு இன்னும் முழுசா சொல்ல வராதுங்க."

அந்த நேரத்தில் பச்சை ஆட்டோக்காரப் பையன் வந்து சேர்ந்தான். இருபத்தி இரண்டு வயது இருக்கும். வண்டியைக் கேட்டில் விட்டு ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. பெரிய மேடம் அவனைத் தெலுங்கில் பிடித்துக்கொண்டார். எங்கே இறக்கினாய், யாரிடம் விட்டாய், குடித்திருக்கிறாயா என்று. அம்மாவும் சேர்ந்துகொண்டார். "பொய் சொல்லாத, என்ற புள்ளைய எங்க விட்ட?" அவனுக்குத் தமிழ் புரியாது, ஆனாலும் புரிந்தது. தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். நான் ஏற்றவே இல்லை என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நுவ்வே கதா செப்பினவ் ஆயம்மா, வாள்ள அம்ம தீஸ்கபோயிந்தனி."

அம்மா கூட்டிப் போய்விட்டார் என்று நீதானே சொன்னாய் என்கிறான். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சிச் சொன்னான்.

"போலீசுக்குச் சொல்லுதேன்" என்று பெரிய மேடம் போனை எடுத்தார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

நான் பேசினேன். "அவன் மேல தப்பு இல்ல மேடம். நான்தான் அந்தப் புள்ளைய செவப்புல ஏத்திட்டேன். நக்கோன்னு சொல்லுச்சு. நான் கேக்கல."

அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"இத இப்பச் சொல்லுதியே" என்றார் பெரிய மேடம். உடனே சிவப்பு ஆட்டோவுக்குப் போன் போட்டார். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

பச்சை ஆட்டோக்காரப் பையன் வண்டியைத் திருப்பினான். அம்மா ஏறினார். யாரும் என்னை ஏறச் சொல்லவில்லை. நானும் ஏறினேன்.

தார்நாகா போகும் வழி முழுக்க அவர் வெளியே தலையை நீட்டி ஒவ்வொரு ஆட்டோவையும் பார்த்தார். நானும் இன்னொரு பக்கம் பார்த்தேன். எத்தனை ஆட்டோ. எல்லாம் ஒரே மாதிரி. மஞ்சளாக எது தெரிந்தாலும் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை அவர் என்னிடம், "அழுதாளாங்க?" என்று கேட்டார்.

"இல்லமா. என் முந்தானையப் புடிச்சா."

அவர் மறுபடி வெளியே தலையை நீட்டினார்.

பெரிய சிக்னல் தாண்டியதும் எதிரே சிவப்பு ஆட்டோ வந்தது. எங்கள் பையன் கையைக் காட்டிக் கத்தினான். வண்டி ஓரம் கட்டியது. பிள்ளை பின் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி வாழைப்பழம். மீசையெல்லாம் நரைத்த ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். எல்லோரையும் இறக்கிவிட்டுப் பார்த்தால் ஒன்று மிச்சம் என்றார். வீடு எது என்றால் பேசவே மாட்டேன் என்கிறாள், இவ்வளவு நேரம் சந்து சந்தாகச் சுற்றிக் கேட்டேன், அதனால் பள்ளிக்கே கொண்டுவருகிறேன் என்றார். போனை அன்றைக்கு வீட்டில் மறந்துவிட்டாராம்.

அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். முகத்தை அவள் கழுத்தில் வைத்துக்கொண்டு ரோட்டோரமே நின்றார். பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"மேரா ஆட்டோ நை போலி மைன்" என்றாள் என்னிடம். என் ஆட்டோ இல்லை என்று சொன்னேனே என்கிறாள்.

"ஆமா கண்ணு, சொன்ன" என்றேன்.

திரும்பி வந்ததும் மூன்று மணிக்கு மணி அடித்தேன். பெரிய பிள்ளைகளை அனுப்பினேன். சிவப்பில் உண்மையில் வர வேண்டிய ஒன்பதாவது பிள்ளை, அம்மாவோடு பதினொன்றரைக்கே போயிருக்கிறது. அதனால்தான் எண்ணிக்கை சரியாக வந்தது.

மறுநாள் பெரிய மேடம் புது ஏற்பாடு செய்தார். கழுத்து அட்டையை எதற்கும் கழற்றக் கூடாது. டீச்சர் பேர் படிக்க வேண்டும், நான் பிள்ளையைக் காட்ட வேண்டும், ஆட்டோக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். எதிர்வீட்டுக்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். பைகளில் இருந்த துணிகளை நானே அவிழ்த்தேன். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மா இப்போது ஆட்டோவில் விடுவதில்லை. தினமும் பன்னிரண்டேகாலுக்கே வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறார். என்னிடம் பேசுவார். சாப்பிட்டீங்களா ஆயா என்பார். பிள்ளையின் கையை நான் அவர் கையில் வைக்கும்வரை கண்ணை எடுக்க மாட்டார்.

நடந்ததை எழுதிக் கொடு, பைலில் இருக்கட்டும் என்றார் பெரிய மேடம். தமிழில் எழுதினேன். யாரை ஏற்றினேன், எப்படி ஏற்றினேன், எல்லாம் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. போன் வந்தது ஒன்று ஐந்துக்கு. அப்போதே எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தபோது ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்றரை.

இருபத்தைந்து நிமிடம்.