களியக்காவிளைப் பெட்ரோல்

"முள்ளு இறங்கிடுத்து, கேட்டியா."

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே என் கணவர் இதைச் சொன்னாரென்றால் என் வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். கார் பெட்ரோல் தீரப்போகிறது என்பதைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்படும் பெண் இந்தத் திருவனந்தபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அடுத்த ஞாயிறு விடியலில் நாங்கள் இரண்டு பேரும் களியக்காவிளைக்குக் கிளம்புவோம்.

காரணம் எளிது. எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. எல்லைக்கு அந்தப் பக்கம் முதலில் வருகிற ஊர் களியக்காவிளை. எல்லையை ஒட்டி இந்தப் பக்கம் இருக்கிற பாறசாலைக்காரர்கள் அங்கே போய்ப் பெட்ரோல் போடுவதில் நியாயம் இருக்கிறது, அவர்களுக்கு அது அடுத்த தெரு மாதிரி. நாங்கள் கிழக்கேகோட்டையில், கோயிலை ஒட்டிய அக்கிரஹாரத் தெருவில் இருந்து கிளம்பிப் போவோம். கரமனை, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். என் கணவர் ஓட்டினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதல் தடவை போனபோதே, நேமம் தாண்டுவதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அங்கே போய் மிச்சம் பிடிப்பதைவிடப் போக வர எரிப்பது அதிகம். வாய் நுனி வரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். அப்புறம் அதை வெளியே எடுக்கவே இல்லை.

அவரிடம் ஒரு தனிக்கணக்கு இருந்தது. போகும்போது எரிவது ஏற்கெனவே டேங்கில் கிடக்கிற பழைய பெட்ரோல், அதற்கு எப்போதோ பணம் கொடுத்தாகிவிட்டது, ஆகவே அதைச் சேர்க்கக் கூடாது. திரும்பும்போது எரிவது தமிழ்நாட்டுப் பெட்ரோல், அது மலிவு. இப்படியாக இரண்டு பக்கமும் லாபம். அரசாங்க ஆபீஸில் இத்தனை வருஷம் பைல் பார்த்த மனிதர் இதை முழு மனதோடு நம்பினார் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

மைலேஜ் விஷயத்தில் அவர் மகா கெட்டி. ஆக்ஸிலரேட்டரில் கால் வைப்பதே தூங்குகிற குழந்தைமேல் கை வைப்பது போலத்தான் இருக்கும். சிக்னலில் சிவப்பு விழுந்தால் இன்ஜினை அணைத்துவிடுவார். ஸ்டெப்னியைத் தவிர எந்தக் கனமும் டிக்கியில் இருக்கக் கூடாது. ஒரு தடவை பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைப்பதற்கு வாங்கி வைத்திருந்த தேங்காய்களைக்கூட இறக்கி உள்ளே வைக்கச் சொன்னார். ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும், கண்ணாடியை இறக்கினால் காற்று பிடித்து இழுக்கும். அதனால் ஏசியும் வேண்டாத, காற்றும் வேண்டாத ஒரு நேரம் பார்த்துக் கிளம்புவார். வெயில் எழும்புவதற்கு முந்தைய அந்த நேரத்தில் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டால் உள்ளே வேறொரு உலகம். வெளியே கரமனை ஆற்றின்மேல் பனி நிற்கும், பால் வண்டி சத்தமில்லாமல் எதிரே வரும், பஸ் ஸ்டாப்பில் நிற்பவரின் வாய் அசையும், குரல் வராது. நான் பாதி தூக்கத்தில் இருப்பேன். உலகம் அப்படியே வழுக்கிக்கொண்டு பின்னால் போகும்.

அங்கேதான் அவர் பேசுவார்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்து மாமி 'தீர்க்காயுசு' என்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திப் பேசினோம். தாழ்த்தித் தாழ்த்தி, பேச்சே காபி, சாவி, கரண்ட் பில் என்று குறுகிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. கோபம்கூட இல்லை. இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே வீட்டில் மரியாதையாக இருந்தோம், அவ்வளவுதான். சும்மா இரண்டு பேர் சேர்ந்து வெளியே போவது என்ற வழக்கமும் எங்கள் தெருவில் கிடையாது. கோயிலுக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். காரியமில்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் காரில் ஏறினால் தெரு முழுக்க என்ன ஏது என்று கேட்கும். பெட்ரோல் ஒரு காரியம். அதை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

நேமம் தாண்டிப் பள்ளிச்சல் இறக்கத்தில் நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, இன்ஜின் முனகல் அடங்கி வண்டி தானாக மிதக்கும்போது, அவர் குரல் வரும். ஆபீஸ் லிப்டில் தனியாகப் போக அவருக்குப் பயம் என்பதை அங்கேதான் கேட்டேன். கல்யாணத்தன்று அவருக்குக் காய்ச்சல், ஹோமப் புகையில் என் முகமே சரியாகத் தெரியவில்லை, மறுநாள் காலையில்தான் பார்த்தார் என்பதையும்.

"பாத்துட்டு?" என்றேன் நான்.

"பாத்துட்டு என்ன? மனசுக்குச் சமாதானமாச்சு" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

எங்கள் பெண் பிறந்த அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாராம். அதைச் சொல்லும்போது நெய்யாற்றுப் பாலம் வந்தது. தண்ணீரின்மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.

களியக்காவிளை பங்கில் எப்போதும் கேரள நம்பர் வண்டிகள்தான் வரிசையாக நிற்கும். "புல்லா சார்?" என்பான் பங்குக்காரன். "புல்லு. வழிய வழிய ஊத்தணும், கேட்டியா" என்று இவர் இறங்கி நின்று, வண்டியை லேசாக ஆட்டி, இன்னும் ஒரு மடக்கு இறங்குமா என்று பார்ப்பார். கஞ்சமகாபிரபு என்று நான் கேலி செய்வேன். பிறகு ரோட்டோரக் கடையில் ஆளுக்கொரு டீ. திரும்பும் வழியில் அவர் அதிகம் பேசமாட்டார், ஆனால் அந்த மௌனம் வீட்டு மௌனம் இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். இதற்காகக் கூடுதலாக எரிந்த பெட்ரோலைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

போன ஓணம் லீவுக்குப் பெங்களூரிலிருந்து பெண் வந்திருந்தாள். அங்கே வேலை. நாங்கள் கிளம்புவதைப் பார்த்து அவளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். பாலராமபுரம் வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அப்பா, ஒரு மினிட். போக வர தூரம் எத்ர? நம்ம வண்டி மைலேஜ் எத்ர?"

அவர் பெருமையாக மைலேஜைச் சொன்னார். அவள் விரல் போனில் நடந்தது.

"ஐயோ அப்பா, இது நஷ்டமல்லே!"

"இல்லடி. போறச்சே எரியறது பழைய பெட்ரோலாக்கும். அதுக்கு எப்பவோ காசு குடுத்தாச்சு."

அவள் சிரித்தாள். குழந்தைத்தனமான சிரிப்புதான், கெட்ட எண்ணம் இல்லை. "பழைய பெட்ரோலும் காசுதானேப்பா! அடுத்த தடவை அதையும் சேர்த்துதானே ரொப்பறேள்? அம்மா அக்கவுண்ட்ஸ்ல இருக்கா, அவ சொல்லலையா?"

அவர் திரும்பி, பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பெற்ற பெண் என்றும் பார்க்காமல் வாயில் ஒன்று போடலாமா என்றிருந்தது எனக்கு. அவருடைய காது மடல் சிவந்துவிட்டது. அன்று பங்கில் அவர் வண்டியை ஆட்டவில்லை. திரும்பும்போது ஒரு இறக்கத்தில்கூட நியூட்ரலுக்குப் போகவில்லை.

பெண் ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த தடவை முள் இறங்கியதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு நாள் ஆபீஸிலிருந்து வரும்போது கரமனை பங்கிலேயே ரொப்பிக்கொண்டு வந்துவிட்டார். "இங்கயே அடிச்சாச்சு. அதாக்கும் லாபம்" என்றார். நான் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. அவர் பேப்பர் படித்தார், நான் துணி மடித்தேன், அடுத்த வீட்டு மிக்சி சுவர் வழியாக ஓடியது. மறுபடியும் காபி, சாவி, கரண்ட் பில். விடியலில் தானாக விழிப்பு வந்து, போவதற்கு இடமில்லாமல் படுத்திருப்பேன். பாதி தூக்கத்தில் கரமனை ஆற்றுப் பனி வரும். கண்ணைத் திறந்தால் மின்விசிறிதான் இருக்கும். அப்படி ஒரு விடியலில் பயம் வந்தது. இனி எங்களுக்குள் இவ்வளவுதானோ, இப்படியே வயசாகிவிடுமோ என்ற பயம். எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

"கேட்டேளா. போலாமா?"

"எங்க?"

"களியக்காவிளைக்கு."

அவர் பேப்பரை இறக்கினார். "நேத்திக்குத்தானே ரொப்பினேன். டேங்க் புல்லா இருக்கே."

"இருக்கட்டும்."

"பின்னே எதுக்காக்கும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் மாமி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. தாழ்ந்த குரலில் ஆரம்பித்ததை என்னால் அப்படியே முடிக்க முடியவில்லை. "எனக்கு உங்க பக்கத்துல உக்காந்துண்டு வரணும். நீங்க பேசறதைக் கேக்கணும். வேற ஒண்ணுத்துக்கும் இல்ல" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

அவர் பேப்பரை மடித்து நாற்காலிமேல் வைத்தார். எழுந்து உள்ளே போனார். கோபமோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கல்யாணங்களுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

காரில் ஏறி உட்கார்ந்தோம். எதிர்வீட்டு மாமா வாசலில் துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தார். "என்ன, ரெண்டு பேருமாக் கிளம்பியாச்சு? பெட்ரோல் அடிக்கவா?"

என் கணவர் தம் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

"இல்ல மாமா. டேங்க் புல்லாக்கும்" என்றார், தெரு முழுக்கக் கேட்கிற குரலில். "தீர்ற வரைக்கும் இவளோட போகணும்."