மில் நின்றதும் அழுத தம்பி

வேலை நாட்களில் என் தம்பி பகலில் அழுததாக எனக்கு நினைவில்லை. சாத்தம் தீவின் மரமில்லில் பெரிய ரம்பம் ஓடுகிற வரைக்கும் தூங்குவான். சாயங்காலம் சங்கு ஊதி, ரம்பம் நின்று, அப்பா பாலத்தைக் கடந்து மேட்டில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஏறி வருவதற்குள் ஆரம்பித்துவிடுவான். அதன்பிறகு எங்கள் வரிசையில் யாருக்கும் தூக்கம் கிடையாது. பக்கத்து வீட்டு வங்காளி ஜன்னலைத் திறந்து, "க்யா ஹுவா பாய், பச்சா டீக் ஹை நா?" என்று, பிள்ளைக்கு ஒன்றுமில்லையே என்பதை இந்தியில் அக்கறையாகக் கேட்பார். நாளாக ஆக அந்தக் குரலில் அக்கறை குறைந்து ஜன்னல் சத்தம் கூடியது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு எட்டு வயது. பிரசவத்துக்கு ஒத்தாசையாக அப்பாவின் அக்கா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். கப்பலில் வாந்தி எடுத்து எடுத்துப் பாதியாய் இளைத்து, கப்பல் அணையும் ஜெட்டியில் இறங்கிய அத்தை, இறங்கிய அன்றே இது மனுஷர் பிள்ளை பெறும் இடமில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அத்தைக்கு நெற்றியில் பொட்டு இல்லை, வீட்டில் பிள்ளை இல்லை. இரண்டுமே எனக்கு எப்போதும் தெரிந்தவை. அதனால் அதைப் பற்றி யாரிடமும் கேட்கத் தோன்றியதில்லை.

தம்பி அழுதால் அத்தைக்கு ஒரே காரணம்தான் தோன்றும்.

"பால் பத்தலை. பிள்ளை பசியில கத்துதான். நான் சொல்லுதது யாரு காதுலயாவது விழுதா?"

அம்மா தம்பியை எடுத்து மறுபடி மடியில் போட்டுக்கொள்வாள். அவன் குடிப்பான், விடுவான், முதுகை வில்லாக வளைத்துக் கத்துவான், மறுபடி குடிப்பான். விளக்கு ஏற்றியதிலிருந்து இதுதான் வேலை. "இப்பத்தானே குடிச்சான்" என்பாள் அத்தை. "இன்னும் குடிக்கட்டும்" என்பாள் அம்மா. வந்த நாளிலிருந்து அலமாரி மேல் அத்தை கொண்டுவந்த பால்பவுடர் டப்பா மூடி திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் அத்தை அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த கப்பல்ல இவளையும் பிள்ளைகளையும் நான் மெயின்லேண்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். அங்கன்னா மாடு இருக்கு, டாக்டர் இருக்காரு." அவ்வளவு பெரிய மரங்களை ரம்பத்துக்குள் தள்ளுகிற அப்பா, அக்காவுக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு, "பாப்போம்க்கா" என்றார்.

அப்பா இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை? கப்பல் வருவதற்குள் தம்பியின் அழுகையை நிறுத்தியே தீருவது என்று தீர்மானித்தேன். கிலுகிலுப்பை ஆட்டினேன். குரங்கு மாதிரி முகத்தைக் கோணினேன். எதையும் அவன் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அழ ஆரம்பித்தான். அன்றுதான் எனக்குப் பொறி தட்டியது.

"அப்பா, மில்லு ஓடலைல்லா? அதான் அழுதான்."

அப்பா சிரிக்கவில்லை. தம்பியை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து, "ங்ங்ங்ஊஊஊ" என்று ரம்பம் மாதிரி இழுத்தார். தம்பி அழுகையை நடுவிலேயே விட்டுவிட்டுக் கண்ணை அகல விரித்தான். அப்பாவுக்கு ஒரே பெருமை. "இது படாக். வைரம் பாய்ஞ்ச மரம், இப்படித்தான் கீச்சுன்னு போகும். இது கர்ஜன், லேசா அறுபடும்" என்று மரத்துக்கு மரம் சத்தத்தை மாற்றிக்கொண்டே அறைக்குள் நடந்தார். அன்றிலிருந்து நானும் அப்பாவும் முறை வைத்துக்கொண்டோம். அவர் தொண்டை கட்டினால் நான். "கிறுக்குப் பிடிச்ச குடும்பம்லா இது!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா மட்டும் எங்கள் சத்தத்துக்கு நடுவில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இடையில் அப்பா மரம் பார்க்க பாராடாங் தீவுக்குப் போகவேண்டி வந்தது. விடாத மழை. முதல் ராத்திரியே என் தொண்டை கம்மிப்போய்விட்டது. தம்பி கத்திக் கத்திச் சிவந்துபோனான். அம்மா உட்கார்ந்தபடியே சுவரில் தலை சாய்த்துக் கண்ணசந்த நேரம், அத்தை டப்பாவைத் திறந்தாள். வெந்நீரில் பவுடரைக் கரைத்து, தம்பியை எடுத்து மடியில் கிடத்தி, பால் புகட்டுகிற பாலாடையை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"மதினி." அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "பிள்ளையைத் தாங்க."

"ஒரு வாய்ட்டி. ஒரே ஒரு வாய். தூங்கிருவான்."

"வேண்டாம் மதினி. கோவிச்சுக்கிடாதீங்க. அழுதாலும் என் மடியில கெடந்து அழட்டும்."

"வயித்துல ஒண்ணுமில்லாம பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டுன்னா? என்ன செய்வே? சொல்லு, என்ன செய்வே?" அத்தையின் குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்துப் பாயில் சுருண்டுகொண்டேன்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. அறைக்குக் குறுக்கே கட்டியிருந்த கொடியைக் காட்டினாள். வங்காளி வீட்டு அம்மா கிழித்துக் கொடுத்த பழைய சேலைத் துண்டுகள் மழையில் காயாமல் வரிசையாய்த் தொங்கிக்கொண்டிருந்தன. "அத்தனையும் இன்னைக்கு அவன் நனைச்சது. உள்ள போகாமலா இவ்வளவு வெளிய வருது? அவன் கையைத் தொட்டுப் பாருங்க, மணிக்கட்டுல மடிப்பு விழுந்திருக்கு. பசியில கெடக்குற பிள்ளைக்கு மடிப்பு விழுமா மதினி? எந்தக் கப்பல் வந்தாலும் நான் வரலை. இங்கேயே வளத்துக்காட்டுதேன்."

அத்தை அந்தக் கொடியையே பார்த்தாள். தம்பியின் கையைப் பிடித்து, விரலால் அந்த மடிப்பைத் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள். அப்புறம் பிள்ளையை அம்மாவிடம் நீட்டினாள். கரைத்த பாலை நான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

எப்போது தூங்கினேனோ, முழிப்பு வந்தபோது ரம்பச் சத்தம் கேட்டது. அப்பா வந்துவிட்டார் என்று துள்ளி எழுந்தேன். அத்தைதான். பால் குடித்த தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் நடந்துகொண்டு, "ங்ங்ங்ஊஊ" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். படாக்கும் இல்லை, கர்ஜனும் இல்லை. ஏதோ ஒரு மரம். அம்மா நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தையின் கன்னம் ஈரமாக இருந்தது. கூரை ஒழுகுகிறது போலும் என்று நினைத்து நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அத்தை பவுடர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. விளக்கு வைத்தால் அம்மாவுக்கு முதுகில் தலையணையை அண்டக்கொடுத்து, "குடு, குடு, இன்னும் குடு" என்று சொல்ல ஆரம்பித்தாள். கப்பல் வந்தபோது தம்பி கொழுகொழுவென்று இருந்தான். ராத்திரி அழுகையும் ஒரு பாட்டம் அழுது ஓய்வதாகக் குறைந்துபோயிருந்தது. எல்லாம் என் ரம்பத்தால்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

அத்தை தனியாகத்தான் கிளம்பினாள். ஜெட்டியில் கடைசி வரைக்கும் தம்பி அவள் கையில்தான் இருந்தான். ஏறச் சொல்லிச் சத்தம் போட்ட பிறகுதான் அம்மாவிடம் கொடுத்தாள்.

"உன்னை மாதிரி ஒரு பிடி நானும் பிடிச்சிருக்கணும்ட்டி" என்றாள். "பெரியவங்க சொன்னாங்கன்னு விட்டுட்டேன்."

பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். "கழுத்துக்குக் கீழ கையைக் குடுத்துப் பிடிக்கணும் அத்தை, அவ்வளவுதான்" என்று செய்து காட்டினேன். அத்தை என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அத்தைக்கும் ஒரு பெண்பிள்ளை பிறந்திருந்தது என்றோ, பால் பத்தாது என்று வீட்டில் எல்லோரும் சொல்லி வேறு எதையெல்லாமோ புகட்டி, பேர் வைப்பதற்கு முன்பே அது போய்விட்டது என்றோ எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தன் பால்தான் பத்தவில்லை என்று அத்தை அத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது. பெரியவளுக்குப் பிள்ளை தூக்கக் கற்றுக்கொடுத்துவிட்ட பெருமையில், கப்பல் தூரத்தில் சிறுத்துப் போகிற வரைக்கும் நான் கையாட்டிக்கொண்டே இருந்தேன்.