அட்டையில் இருப்பவர்

பஸ் கிளம்பும் நாட்களில் வெர்லன் டாக்கெட் தன் வாத்தியப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருப்பார். சாமான் அறையைத் திறக்கும்வரை எழ மாட்டார். வேறு யாரையும் அந்தப் பெட்டியைத் தொட விடமாட்டார். செப்டம்பர் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமையும், டென்னசியில் ஃபேயட்வில் ஊரின் தீவனக் கடைக்குப் பின்னால், அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். சலவை செய்த சட்டை, புதிதாகப் பாலிஷ் போட்ட பூட்ஸ். அன்று பஸ் கச்சேரிக்குப் போகவில்லை. அலபாமாவில் ரெக்கார்டிங்.

"டேய், பெட்டி எங்கயும் ஓடிப்போயிடாது. எந்திரிச்சு வந்து காப்பியக் குடி" என்றார் கேலன் ப்ரூவிட். எல்க் ரிவர் பாய்ஸ் குழுவின் பாடகர் அவர், எனக்குச் சித்தப்பா.

"பெட்டி ஓடாதுடா. நீ மனசு மாத்திக்கிட்டா? அதுக்குத்தான் காவல்" என்றார் வெர்லன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் எழுந்து வரவில்லை.

காரணம் இருந்தது. எல்க் ரிவர் பாய்ஸ் பதினான்கு ரெக்கார்டுகள் போட்டவர்கள். எல்லா அட்டைகளிலும் வெர்லன் இருக்கிறார்: முதலில் அடர்த்தியான மீசையோடு, பிறகு தொப்பியோடு, பிறகு தொப்பியும் தொந்தியுமாக. முதல் ரெக்கார்டைத் தவிர மற்ற எதிலும் அவர் வாசிப்பு கிடையாது. அந்தக் காலத்தில் நாஷ்வில்லில் வழக்கமே அப்படித்தான். ஊர் ஊராகப் போக ஒரு கூட்டம், ஸ்டூடியோவுக்கு இன்னொரு கூட்டம். முதல் ரெக்கார்டு விற்றதும் பெரிய கம்பெனி வந்தது. கம்பெனியோடு அதன் ஆட்களும் வந்தார்கள். பாடகர் மட்டும் உள்ளே போவார். மற்றவர்கள் வீட்டில் புல் வெட்டுவார்கள், மீன் பிடிக்கப் போவார்கள். வெர்லனின் இடத்தில் ஸ்டூடியோவில் உட்கார்ந்தவர் ராய்ஸ் கிம்ப்ரோ. காலையில் ஒருவருக்கு, மத்தியானம் இன்னொருவருக்கு என்று நாள் தவறாமல் வாசித்தவர். இரண்டு பேரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

ரெக்கார்டு முடிந்ததும் கேலன் கேசட்டைக் கொண்டுவந்து கொடுப்பார். வெர்லன் அதைக் காரில் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நாள் கணக்கில் கேட்பார். கிம்ப்ரோ எங்கே இழுக்கிறார், எங்கே தயங்குகிறார், எங்கே சும்மா விட்டுவிடுகிறார் என்று பிடித்துக்கொண்டு, மேடையில் இம்மி பிசகாமல் வாசிப்பார். முப்பத்தைந்து வருடமாக அதுதான் அவர் வேலை.

"ஜனங்க ரெக்கார்டுல கேட்டதத்தான் மேடையில கேக்க வராங்க, கண்ணு. என்னக் கேக்க யாரும் வரல" என்பார். இதை அவர் குறையாகச் சொல்லமாட்டார். மழை வரும் என்று சொல்வதுபோலச் சொல்வார்.

அவருடைய வாத்தியம் ஸ்டீல் கிட்டார். தோளில் மாட்டுவது அல்ல. மேசைபோல நான்கு கால்களில் நிற்பது. இடது கையால் இரும்புத் துண்டு ஒன்றைக் கம்பிகளின்மேல் வழுக்கிக்கொண்டு, வலது கையால் மீட்டிக்கொண்டு, கீழே பாதத்தால் சுரத்தை ஏற்றும் மிதிகளை அழுத்திக்கொண்டு, முழங்காலால் நெம்புகோல்களைத் தள்ளிக்கொண்டு வாசிக்கவேண்டும். உடம்பில் சும்மா இருக்கும் இடம் கிடையாது. ஆனால் கீழே நாற்காலியில் இருப்பவர்களுக்கு, ஒரு மனிதர் குனிந்து கணக்கு எழுதுகிற மாதிரிதான் தெரியும்.

சில வருடங்கள் கண்டம் கண்டமாகச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய எனக்குச் சித்தப்பா கொடுத்த வேலை, கச்சேரிகளில் பனியனும் ரெக்கார்டும் விற்கும் மேசை. அங்கேதான் வெர்லன் மாமாவின் விநோதத்தைப் பார்த்தேன். கையெழுத்துக்கு யார் ரெக்கார்டை நீட்டினாலும் அட்டையில், தன் படத்துக்குக் கீழே மட்டும் போடுவார். உள்ளிருக்கும் இசைத்தட்டின் லேபிளில் மற்ற நான்கு பேரும் போட்டிருப்பார்கள். இவர் போடமாட்டார்.

"இதுலயும் ஒண்ணு போடுங்க, பெரியவரே" என்றாள் கெண்டக்கியில் ஓர் அம்மாள்.

"அட்டையில நான் இருக்கேன், தாயி. தட்டுல இல்ல."

அவள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு அவர் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் அவருக்குக் கீழ்ப் படுக்கை. கோலா பாட்டிலைத் திறந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு, உப்புக்கடலையை உள்ளே கொட்டிக் குலுக்கி, மென்றுகொண்டே குடிப்பார். மோட்டலில் தொலைக்காட்சியில் வானிலை மட்டும் பார்ப்பார், அதுவும் தான் போகாத ஊர்களின் வானிலை. ட்ரம்ஸின் தட்டுத்தாளத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து இடது காது மந்தம். அதனால் கூட்டமாகச் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு அவருக்குப் பாதிதான் வரும். தட்டை எடுத்துக்கொண்டு தனி மேசைக்குப் போய்விடுவார். மனைவி டார்லீன் ஃபுளோரிடாவுக்குப் போய் வெகு காலம் ஆகிறது. கேட்டால், "போயிட்டா. நான் எங்க வீட்ல இருந்தேன்? அவ போனது தெரியவே பத்து நாளாச்சு" என்பார். அந்த இடத்தில் கேட்பவர்கள் சிரிக்க வேண்டும் என்று கொஞ்சம் நிறுத்துவார்.

அலபாமாவில் எடுக்கவிருந்த இந்தக் கடைசி ரெக்கார்டைக் கம்பெனி எதுவும் போடவில்லை. கேலன் தன் நிலத்தில் ஒரு பகுதியை விற்றுப் போட்டார். "நம்ம ஆளுங்கதான் வாசிக்கணும். இல்லைன்னா ரெக்கார்டே வேணாம்" என்றார். வெர்லன் கோடை முழுவதும் கார் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தார். தன் வாசிப்பு இன்னும் ஒன்றாவது உலகத்தில் மிஞ்சட்டும் என்பதைத் தவிர அவர் கேட்டது ஒன்றுமில்லை.

ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெக்கேப் என்ற தாடிக்கார இளைஞர் ஒலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டு முடிந்ததும் அவர் குரல் ஸ்பீக்கரில் குதித்துக்கொண்டு வந்தது.

"பிரமாதம் சார்! அப்படியே கிம்ப்ரோ!"

வெர்லனின் கையிலிருந்த இரும்புத் துண்டு கம்பிகளின்மேல் அப்படியே நின்றது. "இன்னொரு வாட்டி எடுக்கலாம்" என்றார்.

எடுத்தார்கள். "அடேயப்பா, கிம்ப்ரோவே வந்து உக்காந்த மாதிரி இருக்கு" என்றார் மெக்கேப். பாவம், அவருக்குத் தெரிந்த பெரிய பாராட்டு அதுதான்.

கேலன் பாடும் அறையிலிருந்து வெளியே வந்தார். "டேய், கிம்ப்ரோ வேணும்னா கிம்ப்ரோவக் கூப்ட்டிருப்பேன். உன்னத்தானே கூப்ட்டேன்? முதல் ரெக்கார்டுல வாசிச்சியே, அந்த மாதிரி வாசி."

வெர்லன் விரலில் மாட்டியிருந்த மீட்டு வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடியும் மாட்டினார். "அது எப்படின்னு மறந்துபோச்சுடா" என்றார்.

ட்ரம்ஸ் வாசிப்பவர் திருகாணி ஒன்றை இறுக்கத் தொடங்கினார்; அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

சாயங்காலம்வரை முயன்றார்கள். எதை வாசித்தாலும் கிம்ப்ரோதான் வந்தார். கடைசியாக எடுத்ததில், மூன்றாவது சரணத்தில், புது பாலிஷ் போட்ட பூட்ஸ் மிதியிலிருந்து நழுவிவிட்டது. ஏறவேண்டிய சுரம் பாதி வழியில் நின்றது. சரிந்தது. எங்கேயும் சேராமல் கொஞ்சநேரம் அந்தரத்தில் தொங்கிவிட்டு, போய்விட்டது.

வெர்லன் கையைத் தூக்கினார். "தப்பு. கால் வழுக்கிருச்சு. இன்னொண்ணு எடுங்க."

"எனக்குத் தொண்டை கட்டிருச்சுடா. இதே இருக்கட்டும்" என்றார் கேலன்.

"கேலன், அது தப்புடா."

"இருக்கட்டும்டா."

திரும்பும் வழியெல்லாம் வெர்லன் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். கடலைப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

ரெக்கார்டு வந்தது. சில ரேடியோக்கள் அந்தப் பாட்டைப் போட்டன. மேடையில் வெர்லன் அந்த இடத்தை எப்போதும் திருத்தி வாசித்தார்: சுரம் ஏறவேண்டிய இடத்துக்கு ஒழுங்காக ஏறியது. ரெக்கார்டில் இருப்பதுபோல் அவர் வாசிக்காத ஒரே இடம் அதுதான். ஜார்ஜியாவில் ஒருவர் தட்டை நீட்டி, "இதுல நீங்கதானே வாசிச்சது?" என்று கேட்டார். "கிம்ப்ரோ மாதிரி இருக்கறதெல்லாம் கிம்ப்ரோ. தப்பு மட்டும் நான்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் அட்டையில் கையெழுத்திட்டார்.

அதற்கு அடுத்த வருடத்துக் கோடையில், ஒஹாயோவின் ஒரு கால்நடைக் கண்காட்சியில் எங்களுக்குக் கச்சேரி. மத்தியான வெயில். எதிரே மரப்படிக்கட்டுகள் காலியாக இருந்தன. பக்கத்துக் கொட்டகையில் பன்றிகளுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெர்லன் கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். நான் பனியன் பெட்டிகளை மேடையோரம் இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் செல்போனில் ஒரு குரல் செய்தி வந்து கிடந்தது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரை முழுதாகத் திறந்து வைத்தார்.

"டாக்கெட்டுங்களா? நான் ராய்ஸ் கிம்ப்ரோ. நாம பேசினதே இல்ல. கேலன்கிட்ட நம்பர் வாங்கினேன். நான் வாசிக்கறத விட்டு நாளாச்சுங்க, விரலெல்லாம் சரியா மடங்கறதில்ல. போன வாரம் வண்டியில போறப்ப ரேடியோவில உங்க பாட்டு. நான் வாசிச்சதுன்னே நெனச்சேன். எப்ப வாசிச்சோம், ஞாபகமே இல்லையேன்னு கேட்டுக்கிட்டே ஓட்டறேன். மூணாவது சரணத்துல ஒண்ணு வந்துச்சு பாருங்க, வண்டிய ஓரங்கட்டிட்டேன். அது நான் இல்ல. ஆயுசுல எனக்கு அது வந்ததில்ல. வீட்டுக்கு வந்து வாத்தியத்தத் தூசி தட்டி உக்காந்தும் பாத்துட்டேன், பிடிபடவே இல்ல. எந்தக் கம்பி, எந்த மிதி? கொஞ்சம் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

வெர்லன் அதை இன்னொருமுறை கேட்டார். பன்றிக் கொட்டகையில் கைதட்டல் எழுந்து அடங்கியது.

"கூப்பிட்டுச் சொல்லுங்க மாமா" என்றேன்.

"என்னன்னு சொல்றது? கால் வழுக்குச்சுன்னா?"

போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதுல பேசறத பதிஞ்சு அனுப்பறதுக்கு எத அமுக்கணும்?" என்று கேட்டார். காட்டினேன். அமுக்கினார். ஒரு வார்த்தை பேசாமல் போனை வாத்தியத்தின் ஓரத்தில் வைத்தார். இடது பூட்ஸின் அடியைக் கால்சட்டையில் நன்றாகத் துடைத்து, மிதியின் விளிம்பில் வைத்து, மீட்டினார். பின்பு மெதுவாகப் பாதத்தை நழுவவிட்டார்.