ரெண்டு பொறந்தா ஒண்ணு

விசைப்படகு டிரைவர் ஜாய்சன் அதிகம் பேசமாட்டான். இஞ்சின் சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் அந்த வேலை அவனுக்குப் பொருத்தமாக இருந்தது. சர்ச்சில் கல்யாணத்தின்போது சாமியார் சம்மதமா என்று கேட்டபோது தலையை ஆட்டினான். வாயால் சொல்லவேண்டும் என்று சாமியார் இன்னொரு தரம் கேட்கவேண்டியிருந்தது.

அப்படிப்பட்டவன் முப்பத்திரண்டு வயதில் ஒரு வேடிக்கை சொன்னான்.

மனைவி அனுஜா உண்டாகியிருக்கும் செய்தி கேட்டு அவனுடைய அக்கா பிளாரன்ஸும் மச்சான் பவுலும் கேக் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் பிளாரன்ஸ். தெருப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும்போது போடும் வெள்ளைப் புதுநன்மைக் கவுன் தைப்பவளும் அவள்தான். அவளுக்குப் பிள்ளையில்லை.

"ஒங்களுக்காவது மாதா கண்ணத் தொறந்தாளே" என்றாள்.

அதன்பிறகு யாரும் பேசவில்லை. ஃபேன் மட்டும் சுற்றியது. ஜாய்சனால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டு பொறந்தா ஒண்ணு ஒனக்குக்கா" என்றான்.

பவுலுக்குக் கேக் புரையேறியது. எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்கள் நிறுத்தியபிறகும் பிளாரன்ஸ் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். "இது ஒரு தலை. இது இன்னொண்ணு."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?" என்றான் ஜாய்சன்.

"எத்தன தடவ பாத்தாலும் மூணாகாது. சந்தோசமாப் போங்க."

வயிற்றில் பசையோடு படுத்துச் சிரித்துக்கொண்டிருந்த அனுஜா, அவன் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள். அவளுக்கும் நினைவு வந்துவிட்டது.

பைக்கில் வரும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "ஒங்க வாயில வருசத்துக்கு ஒரு வார்த்தை வரும். அந்த ஒண்ணும் பிள்ளையத் தூக்கிக் குடுக்குத வார்த்தையாவா வரணும்?"

"சும்மா சொன்னது."

"நீங்க சும்மா சொன்னீங்க. ஒங்க அக்கா சும்மா கேட்டாகளா?"

வண்டி ரயில்வே கேட்டில் நின்றது. ரயில் போய்க் கேட் திறந்தது.

"ஒண்ணையும் நான் குடுக்கமாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு அவன் பின்தெரு வழியாகப் போனான். அக்கா வீடு முன்தெருவில் இருந்தது. படகில் வீல் பிடித்தபடி "தர முடியாதுக்கா, தர முடியாதுக்கா" என்று சொல்லிப் பார்த்தான். சத்தம் கேட்காமல் உதடு அசைவதை மட்டும் பார்த்த ஆட்கள், டிரைவர் செபம் சொல்லுதான் என்று நினைத்து, கெட்ட வார்த்தை பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள்.

இதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ரெட்டை என்றதுமே ஒன்று உபரி என்று தெரு முடிவு செய்திருந்தது. "பிளாரன்சுக்கு ஒண்ணு குடுத்தா என்னளா, கொறைஞ்சா போயிருவ?" என்று குழாயடியில் பக்கத்து வீட்டு விஜிலா கேட்டாள். அனுஜா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்து அழுதாள். அன்று சாயங்காலம் ஜாய்சன் முன்தெருவுக்குப் போனான்.

பிளாரன்ஸ் தையல் மெஷினில் இருந்தாள். நிமிரவில்லை.

"ரெண்டாமே" என்றாள்.

"தர முடியாதுக்கா."

"ஏலே, நான் கேட்டேனா?"

மெஷின் கவுனின் ஒரு கையை முழுவதும் தைத்து நின்றது. பிளாரன்ஸ் நூலைப் பல்லால் அறுத்தாள்.

"நீ சொன்னேல்லா, அன்னைக்கு நான் வீட்டுக்கு வந்து, ரெண்டா இருக்கணும்னு செபமாலை சொன்னேன். மூணு நாள் சொன்னேன். பெறகு வெக்கமாப் போச்சு. விட்டுட்டேன்."

ஜாய்சன் இதற்கு ஒத்திகை பார்த்திருக்கவில்லை. தரையில் கிடந்த வெள்ளைத் துணி வெட்டுகளைக் குனிந்து பொறுக்கினான்.

"ரெண்டும் ஒண்ணுபோல அழுதா அவளுக்குக் கை காணாது. நான் கடல்ல கெடப்பேன். நீ எங்க வீட்டுக்கு வந்துரு. மச்சானும் வரட்டும்" என்றான்.

அனுஜாவிடம் கேட்காமல் அவன் சொன்ன இரண்டாவது பேச்சு அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பவுல் ஒரு பையோடு இறங்கினான். பிளாரன்ஸ் மெஷினோடு இறங்கினாள். அனுஜா வயிற்றில் இரண்டு கையையும் வைத்தபடி நிலைப்படியை அடைத்து நின்றாள்.

"ஏளா, பிள்ளை கேட்டு வரல. அவன் வரச் சொன்னான், வந்தேன்" என்றாள் பிளாரன்ஸ். "வேண்டாம்னா சொல்லு. ஆட்டோ இன்னும் போகல."

அனுஜா ஆட்டோவைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.

"அந்த மூலை வேண்டாம் மயினி. அங்கன தொட்டில் கட்டணும்."

"எந்தத் தொட்டிலு?"

"ரெண்டும்."

பிளாரன்ஸ் மூலையைப் பார்த்தாள். சுவரிலிருந்து பீரோ வரைக்கும் கைச்சாணால் அளந்தாள்.

"ரெண்டுக்கு இடம் காணாதுளா. பீரோவ நகட்டணும்" என்றாள்.

பீரோவை நகட்ட ஜாய்சனைக் கூப்பிட்டார்கள்.