எந்தக் கடற்கரைக்குப் போவீர்கள்?

தோர்ண்டன் ஹீத்தில் ரயில் ஏறியபோது எதிர் சீட்டில் இருந்தவர் தனியே சிரித்துக்கொண்டிருந்தார். கம்பளித் தொப்பி, கறுப்பு மை பூசிய மீசை, கையில் ஒரு இத்தாலிய நாவல். முதலில் தான் சிரித்தார், பிறகு என்னைத் தமிழன் என்று கண்டு, அதைத் தமிழில் சொல்லி இன்னொரு தரம் சிரித்தார். அன்று அகப்பட்டவன் நான்.

"இதிலை ஒரு சீமாட்டி, அண்ணை. மகளைக் கேட்டு வந்த பெடியனிட்டை, ஆகஸ்ட் லீவுக்கு உங்கட குடும்பம் எந்தக் கடற்கரைக்குப் போகும் எண்டு கேக்கிறா. அதைச் சொன்னால் குடும்பத்தின்ரை தரம் தெரிஞ்சிடுமாம்! விசர்ச் சனம். நான் இத்தாலியிலை, பலேர்மோவிலை இப்பிடியான வீட்டிலைதான் சமைச்சனான்."

நானும் சிரித்தேன். பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பியது. என் மகன் டொக்டர், இன்னும் கலியாணம் ஆகவில்லை என்றதும் புத்தகத்தை மூடிவிட்டார். அவருக்கு ஒரு மகள் இருந்தாள்.

"ஊரிலை எவடம்?"

சொன்னேன்.

"அங்கை கோயிலுக்குக் கிழக்கையோ, மேற்கையோ?"

சாதியை நேரே கேட்க எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். இப்படித்தான் சுற்றிவளைத்துக் கேட்பார்கள். எங்கள் ஊரில் கோயிலுக்குக் கிழக்கே இருப்பவர்கள் உயர்ந்த சாதி என்று கணக்கு.

"அண்ணை, அந்தச் சீமாட்டி கேட்டதும் இதைத்தானே?" என்றேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது சரி, கிழக்கோ மேற்கோ?" என்றார்.

கிளப்பம் ஜங்ஷன் வந்துவிட்டது. "கிழக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

எங்கள் வீடு மேற்கில். அவர் ஏன் கேட்டார் என்பது எனக்கு விளங்குகிறது. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.