அக்கா தேடிப் பிடித்த சொல்

என் அக்கா மந்தைவெளியில் பிறந்தார், அங்கேயே வளர்ந்தார். சென்ற ஆண்டு இதே மாதம், நாற்பது வயதைக்கூடப் பார்க்காமல் எங்களை விட்டுப் போனார். வீட்டில் நான் அவரை வா, போ என்றுதான் பேசுவேன். அச்சில் இத்தனை மரியாதை கொடுப்பதைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

எலெக்ட்ரானிக்ஸ் படித்து, கிண்டியில் ஒரு கம்பெனியில் கருவிகளை வடிவமைக்கும் வேலையில் இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்குக் கழுத்து திரும்பாமல் போயிற்று. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் இடித்தார், பிறகு பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைச் சாய்த்தார். சாவியை வாங்கி வையுங்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பழைய ஃபியட்டில் மாலையில் அம்மாவை பெசன்ட் நகருக்கு அழைத்துப் போகாவிட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. சாவியைப் பிடுங்கினால் மனிதர் படுத்துவிடுவார் என்று அக்கா பயந்தார். "கழுத்துதானே திரும்பல? புத்தி நல்லாத்தானே இருக்கு?" என்று எல்லோர் வாயையும் அடைத்தார்.

காரின் பின்னால் சென்சார் பொருத்தினார். சுவர் நெருங்கினால் முன்னால் சிவப்பு விளக்கு எரியும். வெயிலில் அது அப்பாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. பஸ்ஸர் வைத்தார். அந்தக் கீச்சுச் சத்தம் வயதான காதில் விழவில்லை. சரி, பேசட்டும் என்று தன் குரலையே பதிவு செய்தார். கருவி "நிறுத்து" என்றது.

அப்பா நிறுத்தினார், ஒயரைப் பிடுங்கினார், நேராக அக்காவிடம் வந்தார். "நான் உன்னைப் பெத்தேனா, நீ என்னைப் பெத்தியா?"

அடுத்து அக்கா அதை "நிறுத்துங்க" என்று மாற்றினார். மரியாதை வந்தது, ஆனால் அந்த 'ங்க' வந்து சேர்வதற்குள் தூணும் வந்துவிட்டது. முன்கூட்டியே சொல்ல வைத்தால் எங்கள் சந்தில் அது ஓயாமல் கத்தியது. அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் அப்பா மாடிப்படி இறங்கும்போது அம்மா சமையலறையிலிருந்து "பாத்து" என்றார். அப்பா முகம் சுளிக்காமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அக்கா துள்ளி எழுந்தார். அந்தச் சொல்லில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. குழந்தைக்கும் அதுதான், மாமனாருக்கும் அதுதான். தணிந்த குரலில் அதையே பதிவு செய்தார். அப்பாவின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. என்ன மூளை அக்காவுக்கு! பிறகு ஆழ்வார்பேட்டையிலும் அடையாற்றிலும் கேட்ட பெரியவர்களுக்கெல்லாம் அலுக்காமல் பொருத்திக் கொடுத்தார்.

நோய் முற்றியபோது அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் அப்பாதான். உடம்பு லேசாக அதிர்ந்தாலே அக்காவுக்கு உயிர் போகும். ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்றேன். "வேணாம்டா. அப்பா ஓட்டினா குலுங்கவே மாட்டேங்குது" என்றார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், வேளைதோறும் சாப்பாடு கொடுத்தனுப்பிய மாடி வீட்டாருக்கும், துக்கத்தில் கூட நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பாவுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். தகனத்துக்கு மறுநாள் காலை அவர் கார் சாவியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அஸ்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடற்கரை வரைக்கும் அப்பா ஒரு பள்ளத்தில்கூடக் காரைக் குலுங்க விடவில்லை.